தன்னார்வம் என்னும் சொல்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பாறசாலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் இஞ்சிவிளை, அதற்கப்பால் களியக்காவிளை. இடையில் இருப்பது இரு மாநிலங்களின் எல்லை. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையையும் வேண்டித் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் குரல் எழுப்பினர். ஆயினும் அது கேரளத்திலேயே நின்றது. அதனால் எம் ஊரார் பலருக்கு வீட்டுமொழி தமிழ், பள்ளிமொழி மலையாளம். கொண்டு கொடுத்த உறவோ எல்லைக்கு இருபுறமும் பரந்து கிடக்கிறது.

எல்லை வகுத்தோர் எண்ணிப் பாராத விளைவு ஒன்றும் உண்டு. அஃது மதுவைப் பற்றியது. தமிழ்நாட்டில் 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது; 1974-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது; 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் தோன்றிய மாநில வாணிகக் கழகம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தத் தொடங்கியது. கேரளத்திலோ 1996-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் சாராயம் தடை செய்யப்பட்டது. 2014-இல் மது அருந்தகங்கள் பல மூடப்பட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் திறந்தன. ஓர் அரசு கதவைச் சாத்தியபோது மற்றோர் அரசின் கதவு திறந்திருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு நடந்தே கடக்கக் கூடியது. சட்டத்தால் குடியை நிறுத்துவது பற்றி அறிஞர்கள் விவாதிக்கட்டும். எல்லைச் சிற்றூரில் வாழ்ந்தவர்க்கு ஒன்று மட்டும் நன்கு தெரியும்: கடை எங்கிருந்தாலும், அதை நோக்கி நடப்பது மனிதனின் கால்; அந்தக் காலை நடத்துவது அவன் தலைக்குள் இருக்கும் ஏதோ ஒன்று. அந்த ஒன்று யாது என்னும் வினாவே எம்மையும் எம் தம்பியையும் ஓர் ஆய்வுக்கூடத்தின் வாயில்வரை கொண்டு சென்றது.

எம் பாட்டனார் பனையேறி. பனை தரும் பாடம் ஒன்றை அவர் வாயிலாகவே அறிந்தோம். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால், விடியலில் கிடைப்பது பதநீர். எம் ஊர் வழக்கில் அக்கானி. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால், காற்றில் உலவும் நுண்ணுயிர்கள் சாற்றிலுள்ள சருக்கரையைப் புளிக்கச் செய்ய, கிடைப்பது கள். ஒரே பனை, ஒரே பாளை, ஒரே இரவு. குழந்தைக்குக் கொடுக்கும் இனிப்பும் குடும்பத்தைக் கெடுக்கும் மயக்கமும் ஒரு விரல் சுண்ணாம்பினால் வேறுபடுகின்றன.

ஒரு தாய் வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் உறங்கி, ஒரே பள்ளியில் பயின்ற எம் இருவருள், தம்பி பத்தொன்பது வயதில் குடிக்கத் தொடங்கினான். கொத்துவேலையில் கைதேர்ந்தவன், அவன் எழுப்பிய சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்கும். முப்பது வயதிற்குள் அவன் கைகள் காலையில் நடுங்கத் தொடங்கின. எமக்கோ மதுவின் மீது நாட்டமே ஏற்பட்டதில்லை. அதில் எம் பெருமை என்று சொல்லிக்கொள்ள யாதொன்றும் இல்லை. இல்லாத பசியை அடக்குவது நோன்பாகாது அன்றோ? ஆயின் எம்முள் தடவப்பட்டிருந்த சுண்ணாம்பு எது? அவனுள் இல்லாது போனது எது?

தம்பி மருத்துவம் பெற்றுக் குடியை நிறுத்திப் பதினான்கு திங்கள் கழிந்திருந்தபோது, தென்னாட்டுப் பெருநகர் ஒன்றின் ஆய்வு நிலையத்தார் கேட்டனர்: குடிநோயிலிருந்து மீண்டு வருவோரும், குடிப்பழக்கமில்லாத அவர்தம் உடன்பிறந்தோரும் மூளைப் படம் எடுக்கும் ஆய்வில் தன்னார்வத்தோடு பங்கேற்பார்களா? நிலையத்தின் பெயர் இங்கு வேண்டா. எம் அம்மைக்கு அச்சம் மிகுந்தது. "மக்களே, அவன் மண்டையத் தெறந்து பாப்பினுமா?" என்று கேட்டார். கத்தி படாது, ஊசியும் இல்லை என்று விளக்கியபின், "அப்படின்னா அவனுக்குச் சுகமாகுமா?" என்றார். அதற்கு விடை 'இல்லை' என்பதே. ஆய்வு வேறு, மருத்துவம் வேறு. மருத்துவத்தில் நோயாளியின் நலனே நோக்கம். ஆய்விலோ, இனி வரப்போகும் முகமறியா ஒருவரின் நலன் நோக்கம். இவ்வேறுபாட்டை உணராமல் கையொப்பமிடுவோர் மிகப் பலர் என்று ஆய்வறம் கற்றோர் கூறுவர். தம்பி உணர்ந்தே இருந்தான். "அண்ணே, என்னெ வச்சு வேற ஒருத்தனுக்கு நல்லது வருமெங்கில் வரட்டும்" என்பதே அவன் சொன்னது.

இனி அந்த ஆய்வின் பொருளைச் சிறிது கூறுவோம். 1954-இல் கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்சு, மில்னர் என்னும் இருவர், எலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மெல்லிய மின்தூண்டல் கிடைக்குமாறு அமைத்தனர். நெம்புகோலை அழுத்தினால் தூண்டல் கிடைக்கும் என்றறிந்த எலி, ஓயாமல் அதை அழுத்திக்கொண்டே இருந்தது. இன்பத்தையும் நாட்டத்தையும் தூண்டும் பாதை ஒன்று மூளைக்குள் உண்டு என்பதற்கு இது வழிகாட்டியது. அப்பாதையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் பங்கு பின்னர்த் தெளிந்தது. நோரா வோல்கோவ் என்னும் அம்மையார் 1990-களில் எடுத்த படங்கள், நெடுநாள் போதைக்கு ஆட்பட்டோர் மூளையில் டோபமினை ஏற்கும் வாயில்களுள் ஒருவகை குறைந்திருப்பதைக் காட்டின. வேட்கை வண்டியை இழுக்க, நிறுத்துகருவி தேய்ந்து போகிறது என்பது அவர்தம் விளக்கம். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியே அந்த நிறுத்துகருவி. 2003-இல் அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் தலைமையை ஏற்ற அவ்வம்மையார், தம் தாய்வழிப் பாட்டனார் குடிநோயின் துயரால் உயிர் நீத்ததைத் தாம் நெடுங்காலம் அறியாதிருந்ததாகப் பின்னாளில் வெளிப்படக் கூறியுள்ளார். அவ்வளவு கற்ற குடும்பத்திலும் அது மறைத்துப் பேசப்படும் செய்தியாகவே இருந்தது.

நம் நாட்டிலும் இத்துறை புதிதன்று. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தார், குடிநோயுற்ற தந்தையர்க்குப் பிறந்து தாம் குடித்தறியாத மக்களின் மூளைப் படங்களைப் பிறருடைய படங்களோடு ஒப்பிட்டு, சில பகுதிகளின் பருமன் அவர்களிடம் குறைந்திருந்ததை 2007-இல் வெளியிட்டனர். பின்னர், 6 முதல் 23 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 9,000 இளையோரை இந்தியாவின் பல பகுதிகளில் சேர்த்து, போதைக்கு ஆட்படும் இயல்பு எவ்வாறு தோன்றுகிறது என்றறியும் பெரும் இந்திய-பிரித்தானியக் கூட்டாய்வு தொடங்கிற்று. அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு மூளைப் படமும் எடுக்கப்பட்டது.

உடன்பிறந்தோரை ஏன் தேடுகின்றனர் என்பதற்கும் காரணம் உண்டு. குடிப்பவன் மூளையில் ஒரு மாற்றம் தென்பட்டால், குடியால் அம்மாற்றம் வந்ததா, அம்மாற்றம் இருந்தமையால் குடி வந்ததா என்று ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. 2012-இல் கேம்பிரிட்சில் காரென் எர்சே என்பவரும் குழுவினரும் ஐம்பது இணை உடன்பிறந்தோரை ஆராய்ந்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் ஊக்கமூட்டும் போதைப்பொருளுக்கு அடிமை. மற்றவர் அப்பழக்கம் இல்லாதவர். வேட்கையை அடக்கும் மூளை இணைப்புகளில் இருவரிடமும் ஒத்த குறைபாடு காணப்பட்டது. எனினும் ஒருவர் வீழ்ந்தார், ஒருவர் வீழவில்லை. எனவே, பிறப்பில் வந்த கூறு ஊழ் அன்று. அதனோடு வேறு பலவும் கூட வேண்டும் என்பது புலனாயிற்று. பனையும் பாளையும் ஒன்றாயினும் சுண்ணாம்பு வேறு என்று பாட்டனார் சொன்னதைத்தான் இதுவும் வேறு வகையில் சொல்கிறது.

ஆய்வுக்கூடத்தில் முதலில் தந்தது ஒப்புதல் படிவம். எமக்கெனத் தமிழில் அமைந்த படிவம் ஒன்றையே தந்தனர். தம்பி அதை மெல்லப் படித்தான். மலையாளப் பள்ளியில் பயின்றவனுக்கு அந்தத் தமிழ் அரைத்தெளிவாகவே இருந்தது. வினாத்தாளில் 'இக்கணம் உமது வேட்கையின் அளவு யாது? சுழியம் முதல் பத்துக்குள் குறிக்க' என்றிருந்தது. வேட்கை என்னும் சொல்லில் அவன் நின்றுவிட்டான். "உம் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று அங்கிருந்த இளம் ஆய்வாளர் கேட்டார். "கொதி" என்றோம். ஒருவர் உண்பதைக் கண்டு நாவூறும் குழந்தைக்குச் சொல்லும் சொல் அது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எம் எல்லையில் இருமொழியாருக்கும் உரியது. அச்சொல்லைக் கேட்டதும் தம்பி தயக்கமின்றி எண்ணைக் குறித்தான். அந்த ஆய்வாளரும் அதைத் தம் ஏட்டில் எழுதிக்கொண்டார். கோடி ரூபாய்க் கருவிக்கும் ஒரு சிற்றூர்ச் சொல் தேவைப்படுகிறது. வேட்கையின் அளவை நோயாளி தன் வாயால் சொன்னாலன்றி, படத்தில் தெரியும் ஒளிப்புள்ளிக்குப் பொருள் கூற எவராலும் இயலாது.

பின்னர் உடலில் உலோகம் ஏதும் உண்டா என்று பன்முறை கேட்டனர். அங்குள்ள காந்தத்தின் வலிமை 3 டெசுலா. புவியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 60,000 மடங்கு. மோதிரம், அரைஞாண், சாவி அனைத்தையும் களைந்து வைத்தோம். காதில் பஞ்சடைத்து, தலையை ஒரு கூட்டுக்குள் பொருத்தி, குகை போன்ற குழாயினுள் எம்மைச் செலுத்தினர். அசையலாகாது. சுற்றிலும் எழுந்த ஓசை, எம் ஊர்ப் பாறைமடையில் கல்லில் துளையிடும் பொறியின் ஓசையை ஒத்தது. கையில் ஒரு குமிழ். பொறுக்க இயலாவிடின் அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவர்.

கண்ணுக்கு மேல் ஒரு திரையில் படங்கள் தோன்றி மறைந்தன. சில, மதுப் புட்டிகள். சில, நாற்காலி, குவளை போன்ற பொதுப் பொருள்கள். அவற்றைக் காணும்போது மூளையின் எப்பகுதி மிகுதியாக உழைக்கிறதோ, அப்பகுதிக்கு உயிர்வளி செறிந்த குருதி மிகுந்து பாயும். உயிர்வளி ஏற்ற குருதிக்கும் இழந்த குருதிக்கும் காந்த இயல்பு வேறு. இவ்வேறுபாட்டைக் கொண்டே மூளையின் உழைப்பைப் படமாக்கலாம் என்பதை 1990-இல் காட்டியவர் செய்ஜி ஒகாவா என்னும் சப்பானிய அறிஞர். ஆதலின் அக்கருவி நினைவைப் படம் எடுப்பதில்லை. ஆசையையும் படம் எடுப்பதில்லை. குருதியோட்டத்தை அளந்து, அதிலிருந்து உய்த்துணர்கிறது.

வெளியே வந்த தம்பி சொன்னது எம்மை வியப்பில் ஆழ்த்திற்று. பளபளக்கும் அயல்நாட்டுப் புட்டிகள் அவனை அசைக்கவே இல்லையாம். இடையில் வந்த ஒரு படத்தில், மரப்பலகையில் ஒரு சில்வர் குவளையும், அருகே இலைத்துண்டில் சிறிது ஊறுகாயும் இருந்தனவாம். "அதக் கண்டப்போ நெஞ்சு அடிச்சுது அண்ணே" என்றான். கொதி எதனால் எழும் என்பது ஊருக்கு ஊர் வேறு. அதனை எழுப்பிப் பார்க்கும் ஆய்வில், எழுந்ததைத் தணிக்கும் பொறுப்பும் ஆய்வாளரைச் சேர்ந்தது. அவன் குறித்த எண் ஆறாக உயர்ந்திருந்ததைக் கண்டு, அது முன்பிருந்த நிலைக்கு இறங்கும்வரை மருத்துவர் ஒருவர் இரண்டு மணி நேரம் அவனோடு பேசிக்கொண்டிருந்தார். வழிச்செலவும் அன்றைய கூலி இழப்பும் எம் கையில் தந்தனர். கூலிக்கு மேல் மிகுதியாகத் தந்தால், பணத்துக்காகவே ஒப்புதல் தரும் நிலை வந்துவிடும் என்பதால் அளவோடு தருவதாகக் கூறினர்.

படத்தில் கண்டது என்ன என்று அம்மை கேட்டார். எமக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கட்டி போன்ற நோய்க்குறி ஏதேனும் தென்பட்டால் மட்டும் அறிவிப்போம் என்று முன்னரே எழுதித் தந்திருந்தனர். இத்தகைய ஆய்வு பலருடைய படங்களைச் சேர்த்துச் சராசரி காண்பது. தனி ஒருவர் குடிப்பாரா, மீள்வாரா என்று ஒரு படத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூற இயலாது. கருவியை அளவின்றி நம்பலாகாது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், இறந்த மீன் ஒன்றை இக்கருவிக்குள் கிடத்தி, மனிதர் படங்களைக் காட்டி, கணக்கிட்டனர். பலமுறை ஒப்பிடுவதால் தற்செயலாக நேரும் பிழையைத் திருத்தாமல் கணக்கிட்டபோது, செத்த மீனின் மூளையும் 'உழைப்பதாக'ப் படம் காட்டிற்று! திருத்திக் கணக்கிட்டதும் அது மறைந்தது. மிகப் பலர் பங்கேற்றாலன்றி உண்மை தெளியாது என்பதற்கும், குடிக்காதவரும் வரவேண்டும் என்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

திருக்குறளில் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை; 94-ஆவது சூது; 95-ஆவது மருந்து. இவ்வரிசையை எண்ணுந்தோறும் எமக்கு இன்பம் பயக்கும். கள்ளையும் சூதையும் அடுத்தடுத்து வைத்த அறிவு மிகப் பழையது. அமெரிக்க உளமருத்துவக் கழகம் தன் நோய்ப்பட்டியலில் சூதாட்ட நோயை மது, போதை நோய்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது 2013-இல்தான். மருந்து அதிகாரம் பொதுவாக உடல்நோயைப் பற்றியது என்பதை அறிவோம். எனினும் கள்ளையும் சூதையும் படித்த கண், அடுத்து மருந்தின்மேல் விழுவது நமக்கு வேண்டிய குறிப்பே. 2019-இல் வெளிவந்த நடுவணரசின் நாடளாவிய ஆய்வறிக்கை, மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு மருத்துவ உதவி பெற்றதாகக் கூறுகிறது. எஞ்சிய முப்பத்தேழு பேருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிவுரை, அல்லது ஏச்சு.

இனி எம் உள்ளத்தை அழுத்திய வினாவைக் கூறுவோம். தன்னார்வம் என்பது தன் + ஆர்வம். தானே விரும்பிச் செய்வது அது. குடிநோயோ, தன் விருப்பத்தைத் தன்னால் ஆள இயலாத நிலை. அவ்வாறாயின் குடிநோயுற்ற ஒருவன் தரும் ஒப்புதல், ஒப்புதல் ஆகுமா? ஊரில் ஒருவர் எம்மிடம், "குடிகாரன் கையெழுத்துக்கு என்ன விலை?" என்றே கேட்டார்.

இதனை நெடிது எண்ணினோம். தம்பிக்கு ஒன்றின்மேல் மட்டுமே ஆட்சி தளர்ந்திருந்தது. சுவர் நேராக நிற்பதை அவன் கை அறிந்தது. மகள் பள்ளிக்குச் செல்வதை அவன் மனம் விரும்பியது. பொய் சொல்லக் கூசியது. ஒரு நாட்டம் பழுதுற்றமையால் மனிதனின் விருப்பம் முழுவதையும் செல்லாக்காசாக்குவது அறிவியலுக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது. வியட்நாம் போரில் எராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரரை லீ ராபின்சு என்னும் அம்மையார் 1970-களில் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஊர் திரும்பியவருள் பெரும்பாலோர் மீண்டும் அடிமைப்படவில்லை என்று கண்டார். மூளையோடு இடமும் உறவும் தொழிலும் சேர்ந்தே விருப்பத்தை ஆக்குகின்றன. ஆதலின், மயக்கத்திலும் நடுக்கத்திலும் இருக்கும்போது கையொப்பம் கேட்டல் ஆகாது. தெளிந்த நிலையில், புரியும் சொல்லில், மறுக்க முழு உரிமை தந்து கேட்டால், அவன் 'ஆம்' என்பதும் பிறர் 'ஆம்' என்பதைப் போன்றதே. குடியைத் தன்னால் நிறுத்த இயலாது என்று ஊர் எழுதிவிட்ட ஒருவன், ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்து, தன் கொதியைப் பிறர் அறியக் கொடுத்தான். அது தன்னார்வம் அன்றெனில் வேறு எது தன்னார்வம்?

இம்மலரைப் படிக்கும் எல்லையோர இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆய்வுக்கு அழைப்பு வந்தால் அஞ்சியும் ஓடவேண்டா, மயங்கியும் ஒப்பவேண்டா. அறநெறிக் குழுவின் இசைவு உண்டா, இடையில் விலகினால் மருத்துவம் தடைப்படுமா, பெயர் மறைவாகக் காக்கப்படுமா, தீங்கு நேரின் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி இவற்றையெல்லாம் கேட்கும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது. படிவத்தில் ஒரு சொல் விளங்காவிடின், "எங்கள் ஊர்ச் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்பதில் நாணம் வேண்டா. விடைகள் நிறைவு தந்தால் சென்று வாருங்கள். குடித்தவரும் வரட்டும், குடிக்காதவரும் வரட்டும்.

தம்பி இப்போது தனுவச்சபுரத்தருகே ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். ஆய்வின் முடிவு எந்த இதழில் எப்போது வெளிவரும் என்று அவன் எம்மை அவ்வப்போது கேட்பதுண்டு.